மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்ல முடியாதா? காக்பிட் திரைகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி

2001 ஆகஸ்ட் 24. கனடாவின் டொரன்டோவில் இருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துகொண்டிருந்தது ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம். உள்ளே 306 பேர். நான்கு மணி நேரமாக எந்தச் சிக்கலும் இல்லை. அதன் பிறகு காக்பிட் திரையில் ஒரு வினோதம். வலது இன்ஜினில் ஆயில் அளவு குறைவு, ஆயிலின் வெப்பநிலையும் குறைவு. ஆனால் ஆயில் அழுத்தம் மட்டும் அதிகம்.

இந்த மூன்றும் சேர்ந்து வருவது விமானிகள் பார்த்துப் பழகிய விஷயம் இல்லை. தரையில் இருந்த பராமரிப்புக் குழுவிடம் கேட்டார்கள். அங்கேயும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. சென்சார் தப்பாகக் காட்டுதோ என்ற சந்தேகம் வந்தது.

அரை மணி நேரம் போனது. அடுத்த தகவல் திரையில் வந்தது: இடது, வலது இறக்கை டேங்குகளில் எரிபொருள் சமமாக இல்லை. இதற்கு விமானிகள் வழக்கமாகச் செய்வது, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கிராஸ்ஃபீட் வால்வைத் திறப்பது. அதைத்தான் செய்தார்கள். ஆனால் நடந்துகொண்டிருந்தது சமநிலைப் பிரச்னை இல்லை. வலது இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் குழாய் உரசி உரசி விரிசல் விட்டிருந்தது. வால்வைத் திறந்ததும் இடது டேங்க் எரிபொருளும் அதே ஓட்டை வழியாக வெளியேறத் தொடங்கியது.

முதலில் வலது இன்ஜின் நின்றது. 13 நிமிடங்களில் இடது இன்ஜினும் நின்றது. நடுக்கடலின் மேல், இன்ஜினே இல்லாமல் சுமார் 120 கிலோமீட்டர் தூரம், 19 நிமிடங்கள் மிதந்து வந்து, அசோர்ஸ் தீவுகளில் உள்ள லாஜெஸ் விமான தளத்தில் இறங்கியது அந்த விமானம். ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. கேப்டன் ராபர்ட் பிஷேவையும் துணை விமானி டிர்க் டி யாகரையும் உலகமே கொண்டாடியது.

கொண்டாட்டம் நியாயம்தான். ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கிளம்பும்போது எவ்வளவு எரிபொருள் இருந்தது என்று விமானத்துக்குத் தெரியும். இன்ஜின்கள் எவ்வளவு குடித்தன என்றும் தெரியும். டேங்கில் இப்போது எவ்வளவு மிச்சம் என்பதும் தெரியும். ஒரே ஒரு கழித்தல் கணக்கு போட்டிருந்தால், எரிபொருள் எங்கேயோ காணாமல் போகிறது என்பது தெரிந்திருக்கும். எண்கள் எல்லாமே விமானத்தில் இருந்தன. அவற்றைச் சேர்த்து 'கசிவு' என்ற ஒற்றை வார்த்தையாக மாற்றித் தர அன்று அந்தத் திரையில் வசதி இல்லை. பிற்பாடு ஏர்பஸ் விமானங்களில் இந்த ஒப்பீட்டைக் கணினியே செய்து எச்சரிக்கும் வசதி வந்தது. சமநிலைப் பிரச்னை என்று வால்வைத் திறப்பதற்கு முன்பு, கசிவு இல்லை என்பதை உறுதி செய்யுங்கள் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வும் ஏ320 குடும்ப விமானங்களின் கையேடுகளை மாற்றச் சொன்னது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த தலைமுறை காக்பிட் திரைகள் 'என்ன பழுதாகிவிட்டது' என்று சொல்வதோடு நிற்கக் கூடாது. 'என்ன பழுதாகப் போகிறது, எவ்வளவு நேரம் இருக்கு, அது போனால் வேறு எதெல்லாம் போகும்' என்று விமானிக்குச் சொல்ல வேண்டும். அதே நேரம், அந்தத் திரையைக் காட்டி காக்பிட்டில் இருந்து ஒரு மனிதரைக் குறைக்க நினைப்பதை நாம் ஏற்கக் கூடாது. ஏன் என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

இப்போது இருக்கும் திரைகள் என்ன செய்கின்றன?

பழைய விமானங்களில் காக்பிட்டில் மூன்று பேர் இருப்பார்கள். இரண்டு விமானிகள், ஒரு ஃபிளைட் இன்ஜினீயர். மூன்றாமவரின் வேலையே இன்ஜின், எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். ஒரு முள் மெதுவாகக் கீழே இறங்கினால், அது எச்சரிக்கை அளவைத் தொடும் முன்பே 'கேப்டன், இதைக் கொஞ்சம் கவனிங்க' என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார்.

1980களில் கணினித் திரைகள் வந்தன. போயிங்கில் இதற்குப் பெயர் ஐகாஸ். ஏர்பஸ்ஸில் ஈகாம். மீட்டர்களைக் கணினியே கண்காணிக்கும். ஏதாவது எல்லை மீறினால் திரையில் எழுத்தாக வரும். சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டும். ஆம்பர் என்றால் கவனிக்க வேண்டும். போயிங் 747-400 விமானம் 1989-ல் சேவைக்கு வந்தபோது, பழைய 747-ல் 971 ஆக இருந்த விளக்குகள், மீட்டர்கள், சுவிட்சுகளின் எண்ணிக்கை 365 ஆகக் குறைந்ததாக போயிங் சொன்னது. கூடவே ஃபிளைட் இன்ஜினீயரின் இருக்கையும் போனது.

இந்த மாற்றம் தவறு என்று நான் சொல்லவில்லை. கணினி சோர்வடையாது, நூறு மீட்டரையும் ஒரே நேரத்தில் பார்க்கும். ஆனால் இந்த அமைப்புகள் பெரும்பாலும் ஒரு எல்லைக் கோட்டை வைத்துத்தான் வேலை செய்கின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் பச்சை. தாண்டினால் ஆம்பர் அல்லது சிவப்பு. கோட்டை நோக்கி எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைப் பழைய இன்ஜினீயர் சொன்ன மாதிரி சொல்ல ஆள் இல்லை.

முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. ஏர்பஸ்ஸில் 'அட்வைசரி' என்று ஒன்று உண்டு. ஏ320-ல் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை 'கேபின் உயரம்' என்று அளப்பார்கள். அது 8,800 அடியைத் தொட்டால் அந்த எண் பச்சையிலேயே துடிக்கத் தொடங்கும், அந்தப் பக்கம் தானாகத் திரையில் திறக்கும். 9,550 அடியைத் தொட்டால்தான் சிவப்பு எச்சரிக்கை. அந்த இடைவெளிதான் விமானிக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. ஏர் டிரான்சாட் விமானத்தில் எரிபொருள் சமமின்மை பற்றி வந்ததும் இப்படிப்பட்ட அட்வைசரிதான். அது அறிகுறியைச் சொன்னது, காரணத்தைச் சொல்லவில்லை.

இன்னொரு பக்கம், எச்சரிக்கை சத்தமாகவே வந்தும் புரியாமல் போன கதையும் இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸில் இருந்து கிளம்பிய ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737-ல் காற்றழுத்த சுவிட்ச் 'மேனுவல்' நிலையிலேயே இருந்துவிட்டது. விமானம் மேலே ஏற ஏற உள்ளே காற்றழுத்தம் குறைந்தது. ஹாரன் அடித்தது. ஆனால் அதே ஹாரன் சத்தம், தரையில் இருக்கும்போது டேக்-ஆஃப் அமைப்பு சரியில்லை என்பதற்கும் அடிக்கும். விமானிகள் அதைத்தான் நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பியது. ஆட்டோபைலட்டில் பறந்துகொண்டே இருந்த விமானம், எரிபொருள் தீர்ந்து ஏதென்ஸ் அருகே விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

'காற்றழுத்தம் குறைகிறது, இதே வேகத்தில் போனால் இன்னும் சில நிமிடங்களில் நினைவு தப்பும்' என்று ஒரு வரி திரையில் வந்திருந்தால்? அதைச் சொல்லத் தேவையான தகவல் அந்த விமானத்தில் இருந்தது.

வெளியே இருப்பதைக் கணிக்கிறோம், உள்ளே இருப்பதை?

கணிப்பு என்பது காக்பிட்டுக்குப் புதுசு இல்லை. விமானத்துக்கு வெளியே இருக்கும் ஆபத்துகளை முன்கூட்டியே சொல்லும் கருவிகள் பல வருடங்களாக உயிர்களைக் காப்பாற்றி வருகின்றன.

தரை நெருங்கினால் கத்தும் பழைய கருவி, விமானத்துக்கு நேர் கீழே இருப்பதை மட்டும்தான் பார்த்தது. செங்குத்தான மலை எதிரே வந்தால் எச்சரிக்கை தாமதமாகத்தான் வரும். அதற்குப் பிறகு வந்த மேம்பட்ட கருவி, உலக நிலப்பரப்பின் வரைபடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, விமானம் போகும் பாதையில் முன்னால் என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்கிறது. 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லஸ் அருகே டெல்டா 191 விமானம் திடீர்க் காற்றில் சிக்கி விழுந்து 137 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தீவிரமான ஆராய்ச்சியின் பலனாக, காற்று விமானத்தைத் தாக்கும் முன்பே ரேடாரில் பார்த்து எச்சரிக்கும் வசதி வந்தது.

எரிபொருளிலும் ஒரு கணிப்பு உண்டு. இறங்கும் இடத்தைத் தொடும்போது எவ்வளவு எரிபொருள் மிச்சம் இருக்கும் என்று பயணக் கணினி தொடர்ந்து காட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் போனில் '20% சார்ஜ்' என்று காட்டுவதற்கும், 'இரவு 9.30 வரை தாங்கும்' என்று காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. இரண்டாவதைப் பார்த்தால்தான் சார்ஜரை எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியும்.

ஆனால் ஹைட்ராலிக் திரவம் மெதுவாகக் கசிகிறது, ஜெனரேட்டர் சூடேறிக்கொண்டே போகிறது, இன்ஜின் ஆயில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குறைகிறது என்பது போன்ற உள்விவகாரங்களில் இந்த அளவு கணிப்பு விமானியின் திரைக்கு வரவில்லை. இந்த யோசனை நேற்று பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆராய்ச்சி மையம் 1990களிலேயே இதைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறது.

தரையில் இருப்பவருக்குத் தெரியும், மேலே இருப்பவருக்கு?

இதில்தான் எனக்கு உண்மையான வருத்தம். கணிக்கும் தொழில்நுட்பம் இல்லை என்றால் சரி. ஆனால் இருக்கிறதே!

நவீன விமானத்தின் இன்ஜின், வெப்பநிலை, அழுத்தம், அதிர்வு போன்ற அளவுகளைப் பறக்கும்போதே தரைக்கு அனுப்புகிறது. ரோல்ஸ் ராய்ஸ் போன்ற இன்ஜின் தயாரிப்பாளர்களிடம் இதைக் கண்காணிக்கவே தனிக் குழுக்கள் இருக்கின்றன. ஏர்பஸ் 2017-ல் 'ஸ்கைவைஸ்' என்ற தரவுத் தளத்தைத் தொடங்கியது. போயிங்கிடமும் இதே மாதிரி சேவை உண்டு. எந்த உதிரிப் பாகம் சீக்கிரம் போகும் என்று கணித்து, அடுத்த விமான நிலையத்தில் தயாராக வைப்பார்கள். இதனால் தாமதம் குறைகிறது, செலவு மிச்சமாகிறது.

அதாவது, இந்தக் கணிப்பின் முதல் வாடிக்கையாளர் பராமரிப்புத் துறை. அந்த விமானத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விமானிக்கு, எல்லைக் கோடு தாண்டிய பிறகுதான் தகவல்.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தை நினைத்துப் பாருங்கள். 228 பேர் இறந்த விபத்து. வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களில் பனி அடைத்து, வேகக் கணக்கு குழம்பி, ஆட்டோபைலட் விடுபட்டது. சுமார் ஐந்து நிமிடத்துக்குள் 24 பராமரிப்புத் தகவல்களை அந்த விமானம் தானாகவே தரைக்கு அனுப்பியிருந்தது. காக்பிட்டில் இருந்தவர்களுக்கோ வரிசையாக விழுந்த எச்சரிக்கைகளும், விட்டு விட்டு அடித்த ஸ்டால் அலாரமும்தான். 'வேகத் தகவலை நம்ப முடியவில்லை, மற்றவை இதன் விளைவுகள்' என்று ஒரே வாக்கியமாகக் கோத்துச் சொல்ல எதுவும் இல்லை.

தரைக்குப் போகும் அறிவில் ஒரு பகுதியாவது காக்பிட்டுக்கும் போகக் கூடாதா என்பதுதான் கேள்வி.

சரி, அப்போ ஏன் இன்னும் வரலை?

இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதிலை லேசாகத் தள்ளிவிட முடியாது. முக்கியமானது பொய் எச்சரிக்கை.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கணிப்புக் கருவி 99% சரியாகச் சொல்லும் என்று வையுங்கள். அது கண்காணிக்கும் பழுது 10,000 பயணங்களில் ஒரு முறைதான் வரும். இப்போது 10,000 பயணங்களில் என்ன நடக்கும்? அந்த ஒரு உண்மையான பழுதைக் கருவி பிடித்துவிடும். ஆனால் மீதி 9,999 பயணங்களில் 1% என்றால், கிட்டத்தட்ட 100 முறை சும்மாவே எச்சரிக்கும். ஆக 101 எச்சரிக்கைகளில் 100 பொய். 99% துல்லியம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் இதுதான் நிலைமை. விமானப் பழுதுகள் அபூர்வமானவை என்பதே கணிப்புக்கு வில்லன்.

நூறு முறை ஏமாந்தவர் நூற்றியோராவது முறை என்ன செய்வார்? 'இது எப்பவும் இப்படித்தான்' என்று நகர்ந்துவிடுவார். இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 1989 ஜனவரி 8 அன்று லண்டன் ஹீத்ரோவில் இருந்து பெல்ஃபாஸ்ட் கிளம்பிய பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737-400 விமானத்தில் இடது இன்ஜினின் விசிறித் தகடு உடைந்தது. விமானிகள் தவறாக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். எந்த இன்ஜின் அதிர்கிறது என்பதைக் காட்டும் மீட்டர் காக்பிட்டில் இருந்தது. ஆனால் அது ஒரு நாணய அளவுக்குத்தான் இருந்தது. அதிர்வு உச்சத்தைத் தொட்டும் சத்தமோ தனி விளக்கோ வரவில்லை. அதைவிட முக்கியம், பழைய விமானங்களில் அதிர்வு மீட்டர்கள் நம்பகமற்றவை என்ற எண்ணம் விமானிகளிடம் ஊறிப்போயிருந்தது. கெக்வொர்த் கிராமத்தின் அருகே, நெடுஞ்சாலைக் கரையில் மோதியது விமானம். இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

சரியான தகவல் திரையில் இருந்தது. நம்பிக்கை இல்லாததால் அது பயன்படவில்லை. கணிப்புத் திரையை அவசரப்பட்டுக் கொண்டுவந்தால் இதே கதை திரும்ப நடக்கும் என்று விமானிகள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு, ஏற்கெனவே தகவல் அதிகம் என்பது. 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரில் இருந்து சிட்னி கிளம்பிய குவாண்டாஸ் 32 விமானம் இதற்கு உதாரணம். ஏர்பஸ் ஏ380, உள்ளே 469 பேர். இந்தோனேசியாவின் பாட்டம் தீவின் மேல் பறக்கும்போது இரண்டாம் இன்ஜினின் டர்பைன் தட்டு வெடித்துச் சிதறி, இறக்கையைத் துளைத்தது. மின்கம்பிகள் அறுந்தன. ஈகாம் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக 50-க்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள். அவற்றுக்கான நடைமுறைகளைச் செய்து முடிக்கவே விமானிகளுக்குச் சுமார் 50 நிமிடங்கள் ஆனது.

அன்று காக்பிட்டில் வழக்கமான எண்ணிக்கையைவிட அதிகமாக, ஐந்து விமானிகள் இருந்தது ஒரு அதிர்ஷ்டம். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி பின்னர் எழுதியதன்படி, ஒரு கட்டத்தில் அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார். எதெல்லாம் போயிற்று என்று எண்ணுவதை விட்டு, எதெல்லாம் இன்னும் வேலை செய்கிறது, அதை வைத்து எப்படி இறங்கலாம் என்று யோசித்தார். விமானம் சாங்கியில் பத்திரமாக இறங்கியது. 4,000 மீட்டர் ஓடுபாதையின் முடிவுக்குச் சுமார் 150 மீட்டர் முன்னால் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

அன்று திரை கொடுத்தது பழுதுகளின் பட்டியல். விமானிக்குத் தேவைப்பட்டது மிச்சம் இருப்பவற்றின் கணக்கு. அந்தக் கணக்கை மனிதர்கள் மூளையில்தான் போட்டார்கள்.

அப்போ திரை எப்படி இருக்கணும்?

இந்த விபத்துகளையும் தப்பிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நல்ல கணிப்புத் திரைக்கு என்ன வேண்டும் என்று ஓரளவு தெரிகிறது.

முதலில், அது இன்னொரு மணியாக இருக்கக் கூடாது. கணிப்பை அலாரமாக அடித்தால் பொய் எச்சரிக்கைப் பிரச்னை தலைக்கு மேல் போகும். ஒரு எண்ணின் பக்கத்திலேயே, அது கடந்த அரை மணி நேரமாக எப்படி நகர்ந்தது, இதே போக்கில் எப்போது எல்லையைத் தொடும் என்று அமைதியாகக் காட்டினால் போதும். பழைய ஃபிளைட் இன்ஜினீயர் செய்த வேலை இதுதானே.

அடுத்து, அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயில் வினோதம் தனி, எரிபொருள் சமமின்மை தனி என்று காட்டாமல், 'இரண்டும் வலது இன்ஜின் பக்கம், எரிபொருள் கணக்கும் உதைக்கிறது' என்று ஒரே இடத்தில் வைக்க வேண்டும். முடிவை விமானி எடுக்கட்டும். ஆனால் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையையாவது கணினி செய்யலாம்.

விளைவையும் சொல்ல வேண்டும். 'ஹைட்ராலிக் அமைப்பு ஒன்று 40 நிமிடத்தில் போகலாம்' என்றால், அதனால் எந்த பிரேக் இருக்காது, இறங்க எவ்வளவு ஓடுபாதை வேண்டும், எந்த விமான நிலையம் பொருந்தும் என்பதும் கூடவே வர வேண்டும். வானத்தில் ஒரு பழுதைப் பற்றி எடுக்கக்கூடிய பெரிய முடிவு, எங்கே எப்போது இறங்குவது என்பதுதான்.

எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதை மறைக்காமல் காட்டுவதும் அவசியம். ஊகத்தை உண்மை மாதிரி காட்டும் திரை ஆபத்தானது. எந்தச் சென்சார்களை வைத்து இந்த முடிவுக்கு வந்தது என்று ஒரு தொடுதலில் பார்க்க முடிய வேண்டும். காரணம் தெரிந்தால்தான் நம்பலாமா என்று முடிவு செய்ய முடியும்.

கடைசியாக, எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றும் அதற்குத் தெரிய வேண்டும். இப்போதே ஏ320 போன்ற விமானங்களில் டேக்-ஆஃப் ஓட்டத்தில் 80 நாட் வேகத்தைத் தாண்டிய பிறகு, கொஞ்சம் உயரத்துக்குப் போகும்வரை, அவசரமில்லாத எச்சரிக்கைகளைக் கணினியே நிறுத்தி வைக்கும். கணிப்புக்கும் அதே ஒழுக்கம் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் போகப்போகும் ஒரு பம்ப்பைப் பற்றி டேக்-ஆஃப் நொடியில் யாரும் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

பாதுகாப்பு, கூடுதல் விலைக்கு விற்கும் வசதியா?

திரை நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அது எல்லா விமானத்திலும் இருக்க வேண்டும். போயிங் 737 மேக்ஸ் விஷயத்தில் நடந்தது இதற்கு ஒரு கசப்பான பாடம். 2018 அக்டோபர் 29-ல் லயன் ஏர் 610, 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியன் 302. இரண்டிலும் சேர்த்து 346 பேர் இறந்தார்கள். காற்றோடு விமானத்தின் மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்கும் சென்சார் தப்பான தகவல் தர, எம்-காஸ் என்ற மென்பொருள் விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது.

இரண்டு பக்க சென்சார்களும் முரண்பட்டால் 'இரண்டும் ஒத்துப்போகவில்லை' என்று திரையில் காட்டும் எச்சரிக்கை எல்லா மேக்ஸ் விமானத்திலும் இருந்திருக்க வேண்டும். ஆனால் மென்பொருள் கோளாறால், தனியாகக் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஒரு காட்டி இருந்த விமானங்களில் மட்டுமே அது வேலை செய்தது. போயிங்குக்கு இது 2017-லேயே தெரியும். பாதுகாப்பைப் பாதிக்காது என்று கருதி, திருத்தத்தை 2020-க்குத் தள்ளி வைத்திருந்தது. அந்த ஒரு எச்சரிக்கை இருந்திருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விமானிக்குக் கிடைக்க வேண்டிய தகவல் அவருக்குப் போகவில்லை என்பது உண்மை.

இது நமக்குத் தூரத்து விவகாரம் இல்லை. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் அறிவித்த 470 விமான ஆர்டரில் 190 விமானங்கள் 737 மேக்ஸ். அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 ஏ320 குடும்ப விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. நாமும் நம் பிள்ளைகளும் இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் இவற்றில்தான் பறக்கப் போகிறோம். அந்த காக்பிட்டுகளில் எந்த வசதி இருக்கிறது, எது விடப்பட்டது என்ற கேள்வி விமானப் பிரியர்களுக்கு மட்டுமானது இல்லை.

புத்திசாலித் திரை வந்தால் ஒரு விமானி போதுமா?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். கணிப்புத் திரைகள் வளர வளர, கூடவே ஒரு வாதமும் வளர்கிறது. 'கணினியே இவ்வளவு பார்த்துக்கொண்டால், நீண்ட பயணங்களில் நடுவானில் ஒரே ஒரு விமானி காக்பிட்டில் இருந்தால் போதாதா? இன்னொருவர் ஓய்வெடுக்கட்டுமே' என்பதுதான் அது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமையான ஈயாசா இதை விரிவாக ஆய்வு செய்தது. இன்றைய காக்பிட் வடிவமைப்பில், இரண்டு விமானிகள் இருப்பதற்கு இணையான பாதுகாப்பை நிரூபிக்க முடியவில்லை என்று 2025-ல் முடிவு சொன்னது.

இப்போதைக்கு நல்ல செய்திதான். ஆனால் 'இன்றைய காக்பிட்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல திரை வந்ததும் இந்தக் கேள்வி மறுபடியும் வரும். 1980களில் திரை வந்தது, மூன்றாவது ஆள் போனார். அன்று அந்த முடிவு பெரிய ஆபத்தில்லாமல் முடிந்தது. விமானங்கள் அதன் பிறகு பாதுகாப்பாகத்தான் ஆகியிருக்கின்றன. அதனால் இரண்டாவது ஆளையும் எடுக்கலாம் என்பார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ஃபிளைட் இன்ஜினீயர் முக்கியமாக அளவுகளைக் கவனித்தார், அந்த வேலையின் பெரும்பகுதியைக் கணினி எடுத்துக்கொள்ள முடிந்தது. இரண்டாவது விமானி செய்வது வேறு. கேப்டன் ஒரு முடிவுக்கு வரும்போது 'ஒரு நிமிஷம், இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்பது அவர் வேலை. கணிப்பு என்பது ஊகம். ஊகத்தைச் சந்தேகிக்க எப்போதும் ஒரு ஆள் தேவை. திரையில் 70% வாய்ப்பு என்று வந்தால், அந்த 30% பற்றி யோசிக்க காக்பிட்டில் யார் இருப்பார்கள்? குவாண்டாஸ் 32-ல் ஐந்து பேர் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதே இடத்தில் ஒற்றை ஆளையும் ஒரு நல்ல திரையையும் வைத்துப் பாருங்கள். எனக்கு அந்த விமானத்தில் ஏற மனசு வராது.

செலவுக் கணக்கில் நியாயமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. விமானிகள் தட்டுப்பாடு, சம்பளச் செலவு, டிக்கெட் விலை எல்லாம் நிஜம்தான். ஆனால் கணிப்புத் தொழில்நுட்பத்தால் ஏற்கெனவே பராமரிப்பில் பணம் மிச்சமாகிறது. அந்த லாபத்தில் ஒரு பங்கை காக்பிட்டின் பாதுகாப்புக்குத் திருப்புங்கள் என்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

நாம் என்ன கேட்கலாம்?

நம் நாட்டில் டி.ஜி.சி.ஏ.வும் மற்ற நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் புதிய காக்பிட் வசதிகளுக்கு ஒப்புதல் தரும்போது சில விஷயங்களைக் கட்டாயமாக்கலாம். தரைக்கு அனுப்பப்படும் பழுதுக் கணிப்பு, அந்தப் பயணத்தைப் பாதிக்கக்கூடியது என்றால், விமானிக்கும் கிடைக்க வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கைகளைக் கூடுதல் விலை வசதியாக விற்கக் கூடாது. கணிப்புக் கருவி எத்தனை முறை பொய் சொன்னது என்ற கணக்கை நிறுவனங்கள் வெளியிட வேண்டும். அந்தக் கருவி தப்பாகச் சொல்லும் சூழலையும் விமானிகள் சிமுலேட்டரில் பழக வேண்டும். இதைக் காரணம் காட்டி காக்பிட்டில் ஆள் குறைப்பது தனி முடிவாக, பொதுவெளியில் விவாதித்து எடுக்கப்பட வேண்டும். ஒரு மென்பொருள் அப்டேட்டோடு சேர்த்துக் கட்டி வரக் கூடாது.

விமானப் பயணம் இன்றைக்கு மிகப் பாதுகாப்பானது. அது அப்படி ஆனதே, ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'விமானிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், ஏன் தெரியவில்லை' என்று யாரோ விடாமல் கேட்டதால்தான். இந்த முறை அந்தக் கேள்வியை விபத்துக்காகக் காத்திருக்காமல் இப்போதே கேட்போம்.